யூசுப் பாயின் கிட்டாரை ஆகாது என்று சொன்னவன் நான்தான்

யூசுப் பாய் போய்விட்டார். காலையில் அவர் மகன் போன் செய்து சொன்னான்... தூக்கத்திலேயே.

புதுமண்டபத்தில் தையல் மிஷின் போட்டிருந்த அதே யூசுப் பாய்தான். கல்யாண வீடுகளில் அவர் எலக்ட்ரிக் கிட்டார் வாசித்ததைக் கேட்டவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள்.

அவர் போட்டோவுக்குக் கீழே ஒரு தம்பி கமெண்ட் போட்டிருக்கிறார். நாடகக் கம்பெனியில் பெரிய ஆளாக வந்திருக்க வேண்டியவராம். யாரோ ஒரு ரேடியோ மெக்கானிக் பொறாமையில் கெடுத்துவிட்டானாம்.

அந்த மெக்கானிக் நான்தான். நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

உலக யுத்தம் முடிந்து வெள்ளைக்கார சோல்ஜர்கள் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சமயம். பாயிடம் சட்டை தைத்துப் போட்ட ஒருவன், போகும்போது தன் கிட்டாரைக் கொடுத்துவிட்டுப் போனான். மடியில் படுக்கவைத்து வாசிக்கிற வகை.

எனக்கு அப்போது டவுன்ஹால் ரோட்டில் சின்னதாக ரேடியோ ரிப்பேர் கடை. யாரும் எனக்குத் தொழில் சொல்லித் தரவில்லை. உசிலம்பட்டியிலிருந்து வந்து, பழைய செட்டுகளைப் பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்டது. ஆனாலும் என் காதை ஊரில் நம்பினார்கள்.

ஒரு நாள் பாய் கிட்டாரோடு கடைக்கு வந்தார். கூடவே ஒரு நாடகக் கம்பெனி முதலாளி. கம்பெனி ஆறு மாதச் சுற்றுக்குக் கிளம்ப இருந்தது. மேடைக்குப் புதுச் சத்தம் வேண்டுமென்று அவருக்கு ஆசை.

பாய் என் காதோரம் குனிந்தார். "எங்க அத்தா சொல்லிட்டாரு மாப்ள. கம்பெனியில எடுத்துக்கிட்டாகன்னா போ, இல்லேன்னா இந்தப் பேச்சே வீட்ல இருக்கக் கூடாது, மிஷின்ல உக்காருன்னு."

எல்லாம் தெரிந்துதான் நான் கேட்க உட்கார்ந்தேன்.

கம்பிகளுக்குக் கீழே, கிட்டார் செய்த கம்பெனியிலேயே வைத்துக்கொடுத்த பிக்அப் இருந்தது. ஒரு காந்தம், அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி... அவ்வளவுதான். மேலே கிட்டார் கம்பி அதிர்ந்தால் இது அதைக் கரண்டாக்கி அனுப்பும். அதை ஒரு ரேடியோவில் இணைத்தேன்.

மெல்லிய கம்பிகள் நான்கும் கணீரென்று பேசின. அவ்வளவு சுத்தமான சத்தத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை. தடிக் கம்பிகள் இரண்டிலும் ஒன்றுமே இல்லை. இரண்டு முறை, மூன்று முறை தட்டச் சொன்னேன்... இல்லை.

"ரேடியோக்காரரே, மேடைக்கு ஆகுமா ஆகாதா? ஒத்தை வார்த்தையில சொல்லுங்க."

"ஆகாது. பிக்அப்பு பாதி செத்துப்போச்சு. வெள்ளக்காரன் சும்மாவா குடுத்துட்டுப் போயிருக்கான்?"

முதலாளி சிரித்தார். "பாதிச் சத்தத்துக்கு முழுச் சாப்பாடு போட முடியுமாப்பா?"

பாய் சிரிக்கவில்லை. துண்டில் கிட்டாரைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் கம்பெனி கிளம்பிவிட்டது. அவருக்குப் பதில் ஒரு கிளாரினெட்காரர்.

சில நாள் கழித்துப் பாய் மறுபடி வந்தார். உட்காரவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு தையல் ஊசியும் ஒரு பித்தளைப் பொத்தானும் எடுத்தார். ஊசியைப் பிக்அப் அருகில் கொண்டுபோனார். டக்கென்று ஒட்டிக்கொண்டது. பொத்தானை வைத்தார். உருண்டு கீழே விழுந்தது.

"பாத்தியா மாப்ள?"

"என்னத்த?"

"தடிக் கம்பி ரெண்டும் சோல்ஜர் குடுக்கும்போதே அறுந்து கெடந்துச்சு. கிட்டார் கம்பிக்கு நான் எங்க போவேன்? அம்மன் சன்னதிக் கடையில வீணைக்குப் போடுற பித்தளைக் கம்பிய வாங்கி மாட்டுனேன். காந்தத்துக்குப் பித்தளையத் தெரியாதாம்ல."

நான் குனிந்து பொத்தானை எடுத்து மேஜையில் வைத்தேன். "இத அன்னைக்கே சொல்லியிருக்கணும் பாய்."

"நீதான மெக்கானிக்கு. நீ கேட்டிருக்கணும்."

"மாத்துனவருதான் சொல்லணும்."

"அம்புட்டு நேரம் காத வச்சுக் கேட்டியே, ஒருவாட்டி கண்ண வச்சுப் பாத்தியா?"

தேடிப் பிடித்து இரும்புக் கம்பி மாற்றிய பிறகு அந்த இரண்டும் என் கடைப் பலகையே அதிரும்படி பேசின. ஆனால் பாய் மிஷினில் உட்கார்ந்தாகிவிட்டது.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் இதே சண்டைதான். கல்யாண வீட்டில் வாசித்து முடித்ததும் மைக்கிலேயே சொல்வார். "இந்தக் கிட்டாரு பொழைக்காதுன்னு சொன்ன டாக்டரு அந்தா உக்காந்திருக்காரு. அவருக்கும் ஒரு கை தட்டுங்க!"

எல்லோரும் திரும்புவார்கள். நான் காபியை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

இன்றைக்கும் சொல்கிறேன். கிட்டார் செய்தவன் வைத்த பிக்அப் நல்லதா கெட்டதா என்று கேட்டால், அவன் போட்ட மாதிரிக் கம்பியோடு கொண்டுவர வேண்டும். அவர் மறைத்தார் என்று நான் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தார் என்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவர் ஊசியோடு வந்துபோன அன்றே கடையைப் பூட்டிவிட்டுத் தபாலாபீஸ் போனேன். முதலாளிக்கு ஒரு கார்டு எழுதினேன். "பிக்அப் முழுக்க நன்றாக இருக்கிறது. தவறு என்னுடையது. யூசுப்பை அழைத்துக்கொள்ளுங்கள்."

பதில் வந்தது. ஆள் வைத்தாகிவிட்டதாம். மறுபடி எழுதினேன்... அதற்குப் பதிலே இல்லை.

பாயிடம் இதைச் சொல்ல எத்தனையோ நாள் போயிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே ஆரம்பிப்பார், நானும் பதிலுக்கு ஆரம்பித்துவிடுவேன்.

கமெண்ட் போட்ட தம்பிக்கு ஒரு வார்த்தை. பொறாமை என்று எழுதியதை மட்டும் எடுத்துவிடுங்கள். மற்றது இருக்கட்டும்.

இன்று பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். வெயில், வேண்டாம் என்கிறாள் மருமகள். ஆட்டோ சொல்லியாகிவிட்டது.

வாரேன், பாய்.