வர்க்கி தின்ற முயல்களும் ஒரு ‘ங்க’வும்

மூன்று நாளாக எங்கள் முயல்கள் இரண்டும் குதிரைமசால் தழையை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இன்று காலை, தழை விற்கும் சரசக்காவைத் தெருவிலேயே நிறுத்தினேன்.

“மருந்தடிச்ச தழையக் கொண்டாந்து போடறயா?”

கோபத்தில் மரியாதைக்குச் சேர்க்கும் ‘ங்க’ விட்டுப்போனது. தெருவே திரும்பிப் பார்த்தது.

அவர் நேரே வந்து கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார். மூலையில் வர்க்கி பிஸ்கட் தூள்.

“ஏனுங்க, டீக்கு வாங்கற வர்க்கி இவிங்களுக்கும் உண்டுங்களா?”

மூன்று நாளாக நான்தான் அதைச் செல்லமாக ஊட்டி வருகிறேன்.

அவர் ஒரு தழையை நீட்டி, “சாப்புடுங்க சாமி” என்று முயலைக் கெஞ்சினார்.

முயலுக்கும் ‘ங்க’.

கிளம்பும்போது, “நாளைக்கும் தழை வேணுங்களா?” என்றார்.

“வேணுங்க” என்றேன். மன்னிப்பு வாயில் வரவில்லை.

பிரவுசிங் சென்டரில் இதைத் தட்டும்போதும் உடம்பு கூசுகிறது. அந்த ஒரு ‘ங்க’ போதுமா, நீங்களே சொல்லுங்க.