அணுவுக்குப் பட்டுப்புடவை

ஏழு மாதக் கர்ப்பிணியை என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியவர் என் மனைவியின் அண்ணன்தான். வேறு யாரும் இல்லை. செய்ததையும் செய்துவிட்டு, நான் அவளை விரட்டினேன் என்று சின்னக் காஞ்சிபுரம் முழுக்கச் சொல்லித் திரிகிறவரும் அவரேதான்.

போன வருஷம் எனக்குத் தைராய்டில் புற்றுநோய். சென்னையில் கழுத்தை அறுத்து எடுத்தார்கள். மிச்சம் மீதி எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்று கதிரியக்க அயோடின் மாத்திரையும் கொடுத்தார்கள். கொடுத்தவர் அதை இடுக்கியால் நீட்டிவிட்டு அறையை விட்டே ஓடினார். அவர் பக்கத்தில் நிற்கப் பயப்படுகிற சாமானை நான் விழுங்க வேண்டுமாம். ஆனால் நல்ல வைத்தியம்தான். தப்பிய தைராய்டு செல் எங்கே ஒளிந்திருந்தாலும் அயோடினைக் கண்டால் ஆசையாகத் தின்னும், தின்றே சாகும். எங்கள் குடும்பத்திலும் அப்படிச் சிலர் உண்டு.

சில நாள் தனியறையில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். "உடம்பிலிருந்து இன்னும் கொஞ்ச நாள் கதிர் வரும். தனியாகப் படுங்கள், தனித்தட்டில் சாப்பிடுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் கிட்டே வரவே கூடாது" என்றார் டாக்டர்.

என் மனைவி என்னைக் கொல்லைப்பக்கத்து அறையில் உட்கார வைத்தாள். தட்டைத் தரையில் வைத்துக் கம்பால் தள்ளினாள்.

"மாசாமாசம் நாங்க மூணு நாள் இப்படித்தானே உக்காந்தோம்? இப்போ தெரியறதா?" என்றாள். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் கேட்டதில்லை.

மறுநாள் மச்சினர் வந்தார். ரிட்டையரான சம்ஸ்கிருத வாத்தியார். சித்திரை வெயிலில் பட்டு வேஷ்டி, தோளில் ஒரு பட்டு, தலையையும் மூக்கையும் சுற்றி இன்னொரு பட்டு. கல்யாண வீட்டில் கொள்ளையடிக்கப் போகிறவர் மாதிரி இருந்தார்.

"என்ன வேஷம் இது?" என்றேன்.

"தீட்டுன்னா என்ன மாப்பிள்ளே? ரேடியேஷன்! நம்மவா அன்னிக்கே கண்டுபிடிச்சுட்டா. பருத்தியில தீட்டு ஏறும், பட்டுல ஏறாது. அதான் மடிக்குப் பட்டு."

"இது தீட்டு இல்லை ஓய். அயோடின்."

"பேருதான் வேற" என்று சொல்லி என் பாயிலேயே உட்கார்ந்தார். நான் சுவரோடு ஒட்டினேன். அவர் இன்னும் நெருங்கினார்.

அன்று மத்தியானம் என் மனைவி கம்பை எறிந்துவிட்டாள். கல்யாணக் கூறைப்புடவையைக் கட்டிக்கொண்டு, வியர்வை சொட்டச் சொட்ட, ரசத்தைக் கையாலேயே கொண்டுவந்து வைத்தாள். கேட்டால், "அண்ணா சொன்னான்" என்றாள். அண்ணா சொன்னால் இவள் பட்டைக் கட்டிக்கொண்டு தண்டவாளத்திலும் படுப்பாள்.

இதெல்லாம் கூத்து என்று விட்டிருப்பேன். ஆனால் சீமந்தம் முடிந்த கையோடு தன் பெண்ணையும் ஒரு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அவள் மேல் ஒன்பது கஜம், அதற்கு மேல் இரண்டு பட்டுப் போர்வை.

"மாப்பிள்ளே, குழந்தையை ஆசீர்வாதம் பண்ணுங்கோ!"

கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். ஜன்னல் வழியாகக் கத்தினேன். "கூட்டிக்கொண்டு போம் ஓய்! வயிற்றில் பிள்ளை இருக்கு!"

"பட்டு கட்டிண்டிருக்கா!"

"பட்டு என்ன, பத்துத் தெரு நெசவையும் சுத்தினாலும் கதவு திறக்காது!"

ஆட்டோக்காரர் இறங்கி எட்டிப் பார்த்தார். "இன்னா சாமி, உள்ள பாம்பு கீதா?"

"பாம்பு நான்தான்பா. வண்டியத் திருப்பு."

"அத்திம்பேர், நான் போறேன். எனக்கு மூச்சு முட்டறது" என்றாள் அந்தப் பெண். அந்த வீட்டில் அவளுக்குத்தான் புத்தி. மச்சினரோ, சுமங்கலியை வாசலிலிருந்து துரத்தினான் பாவி என்று தெருவே கேட்கக் கூவிக்கொண்டு போனார்.

சில நாளில் ஸ்கேனுக்குப் போனேன். உடம்புக்குள் அயோடின் எங்கெங்கே தங்கியிருக்கிறது என்று காமிரா படம் பிடித்தது. கழுத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. வேறு எங்கும் பரவவில்லை என்றார்கள். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நான் பையிலிருந்து, மச்சினர் அன்றைக்கு என் பாயில் மறந்துவிட்டுப் போன அசல் பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்தேன். அங்கே வேலை பார்த்த பெண்ணிடம், இதைக் கழுத்தில் போட்டுக் கதிர் அளக்கிற மீட்டரை வையம்மா என்றேன். ஒரு மடிப்பு, நாலு மடிப்பு, எட்டு மடிப்பு. மீட்டர் கொஞ்சமும் மரியாதை காட்டாமல் அதே மாதிரி டிக் டிக் என்றது. "புடவைக் கடைக்காரரா சார்?" என்று கேட்டுச் சிரித்தாள்.

பிறகு குழந்தை பிறந்தது. பெண் குழந்தை, நன்றாக இருக்கிறது. நான் கதவைச் சாத்தியதால் என்று நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. மச்சினர்தான் சொல்லிக்கொள்கிறார். கோயில் பக்கத்து மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் மைக் பிடித்து உபன்யாசம் பண்ணுகிறார், அங்கே சொல்கிறார். அந்த ராட்சசன் கதிரிலிருந்து என் பேத்தியைக் காப்பாற்றியது பட்டு என்று. அதைக் கேட்டுவிட்டு ஒரு கர்ப்பிணி பட்டை நம்பி யார் பக்கத்திலாவது போய் உட்கார்ந்தால் என்ன ஆவது?

ஓய் மச்சினரே, வருகிற சனிக்கிழமை நான் முதல் வரிசையில் உட்காருவேன். எட்டு மடிப்புப் பட்டுக்கும் மீட்டர் ஏன் அடங்கவில்லை? அன்றைக்குக் கதவு திறந்திருந்தால் யார் பொறுப்பு? என் காதில் கிசுகிசுக்க வேண்டாம். மைக்கில் சொல்லும்.