வளைவில் தடம் புரளாத பெட்டி

1996 பெப்ரவரி, வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று இருபது. ரொறன்ரோ விமான நிலையத்தின் சுங்க மேசையில் என் பயணப்பையைத் திறந்துவிட்டார்கள். இரண்டு கம்பளிச் சட்டைகளுக்கு நடுவே சுற்றி வைத்திருந்த எஞ்சினையும் மூன்று ரயில் பெட்டிகளையும் அந்த அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். பிள்ளைகளுக்கா என்று கேட்டார். இல்லை, நாற்பத்தெட்டு வயது ஆளுக்கு என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. லண்டனில் எஞ்சினுக்கு நாற்பத்திரண்டு பவுண், பெட்டி ஒன்றுக்கு ஒன்பது பவுண் கொடுத்தவன் நான். அவர் எஞ்சினைச் சில்லில் பிடித்துத் தூக்க, கவனம் என்றேன்.

அந்த நாற்பத்தெட்டு வயது ஆள் என் மாமியின் மகன் சிவபாலன். இருவரும் ஒரே வருடம் இலங்கையில் ரயில்வேயில் சேர்ந்தோம். நான் கவுண்டருக்குப் பின்னால் ரிக்கற் கொடுத்தேன், அவன் ரயிலின் கடைசிப் பெட்டியில் போகும் கார்ட் ஆனான். நான் எண்பத்தினாலில் லண்டன் போய்விட்டேன். அவன் கனடாவுக்கு வந்து பதினாறு மாதம். மனைவி சாந்தியும் இரண்டு பெண்பிள்ளைகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருக்கிறார்கள். இவனுடைய அகதிக் கோரிக்கை சரிவந்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம். செவ்வாய்க்கிழமை இரண்டாவது விசாரணை. அதற்காகத்தான் இந்த ரயில்.

வெளியே மைனஸ் பதினெட்டு. சிவபாலனோடு ஒரே வீட்டில் இருக்கும் குணம் என்ற பெடியன் தன் பழைய காரைக் கொண்டு வந்திருந்தான். விமான நிலையத்திலிருந்து அவர்கள் இருக்கும் டோர்செட் பார்க் முப்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. 401 நெடுஞ்சாலையில் வெள்ளி மாலை நெரிசலில் ஒன்றேகால் மணி நேரம் ஊர்ந்தோம். இரண்டு பக்கமும் அழுக்குப் பிடித்த பனி மேடு.

"அண்ணை ஒரு கிழமையா நித்திரை கொள்ளேல்லை" என்றான் குணம். "போன விசாரணையிலை அந்த அதிகாரியம்மா ஒரே கேள்வியையே திருப்பித் திருப்பிக் கேட்டவ."

அந்தக் கேள்வி இதுதான். வவுனியாவுக்கு அங்காலே ஒரு சின்ன ஸ்ரேசனில் ரயில் நின்றபோது, துவக்கோடு வந்தவர்கள் மூன்றாவது பெட்டியிலிருந்து இரண்டு பேரை இழுத்து இறக்கியதைச் சிவபாலன் கண்டான். கண்டவன் என்பதால் பிறகு அவனையும் தேடி வந்தார்கள். கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே நின்ற கார்ட்டுக்கு மூன்று பெட்டி தள்ளி நடந்தது எப்படித் தெரியும் என்று விசாரணை அம்மா கேட்டார். கார்ட் பெட்டியின் பக்கச் சுவரில் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும் ஒரு சின்ன யன்னல் இருக்கிறது, தலையை வெளியே நீட்டாமலே ரயிலின் முழு நீளத்தையும் அதற்குள்ளால் பார்க்கலாம் என்று இவன் சொன்னான். அந்த அம்மாவுக்கு அது விளங்கவில்லை. படம் இருக்கிறதா என்றார். வரும் வழியில் பயந்து எல்லாப் படத்தையும் எரித்துவிட்டு வந்தவனிடம் எங்கே படம் இருக்கும்? கொழும்புக்கு எழுதியும் கிடைக்கவில்லை. இலங்கைப் பெட்டிகளும் பிரித்தானியாவில் செய்தவைதானே, ஒரு மொடலைக் கொண்டுவந்து காட்டலாமே என்று லோயர் சொல்ல, மச்சானுக்கு என் ஞாபகம் வந்தது. பத்து வருடமாக என் கராஜில் ஓடுவது பிரித்தானிய மொடல் ரயில்.

கென்னடி வீதியோரத்துக் கட்டடம், பதினொராம் மாடி. சிவபாலன் மெலிந்துபோயிருந்தான். சாப்பிட்ட கையோடு நான் நிலத்தில் தண்டவாளத்தை வட்டமாகப் பூட்டி எஞ்சினை வைத்தேன். அது நத்தை மாதிரி ஊர்ந்தது. எஞ்சினுக்குக் கரண்ட் கொடுக்கும் என் கொன்ட்ரோலர் லண்டனின் 240 வோல்ற்றுக்கானது, இங்கே அதில் பாதி. இதைக்கூட யோசிக்காமல் வந்த நிபுணன் நான்.

சிவபாலன் குனிந்து பார்த்தான். "மோட்டர் எங்கை கிடக்கு?"

"பின்னாலை வாற கரித்தொட்டிக்குள்ளை."

"அப்ப எஞ்சினைக் கரித்தொட்டி தள்ளிக்கொண்டு போகுதோ? நல்ல கோச்சிதான்."

பிரித்தானிய மொடல்களின் இலட்சணம் அப்படித்தான். உடம்பு அசலில் எழுபத்தாறில் ஒரு பங்கு, தண்டவாள அகலமோ எண்பத்தேழில் ஒரு பங்கு. முன்பக்கம் நின்று பார்த்தால் பெரிய உடம்பும் ஒடுங்கிய காலுமாக இருக்கும். எங்கள் ஊர் அகலப் பாதைக்கு அது இன்னும் தூரம். வீட்டு மேசையின் நெருக்கமான வளைவில் ஓட வேண்டும் என்பதற்காகப் பெட்டிகளுக்கு இடையே ஒரு விரல் இடைவெளி விடுவார்கள். நன்றாக ஓடுவது அசல் மாதிரி இருக்காது, அசல் மாதிரி இருப்பது ஓடாது. நான் எப்போதும் ஓடுகிற கட்சி.

சனிக்கிழமை காலை பதினொரு மணி. மில்லிக்கன் பக்கம் ஒரு பிளாசாவில் மொடல் ரயில் கடை இருப்பதாகக் குணம் விசாரித்து வைத்திருந்தான். கடைக்காரர் யோர்க்ஷயரிலிருந்து வந்த வெள்ளைக்காரக் கிழவர். இந்த ஊர்க் கரண்டுக்கான கொன்ட்ரோலர் 39 டொலர் 99 சதம், வரியோடு 45.99. என் மூன்று பெட்டிகளில் கடைசியான கார்ட் பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தவர், இது வெண்ணெய் மாதிரி ஓடும், ஆனால் பக்கச் சுவர் மொட்டை, இதைவிட ஒழுங்கானது என்னிடம் இருக்கிறது என்று கண்ணாடி அலுமாரியைத் திறந்தார்.

பழைய பெட்டி, பாவித்தது, விலை 28 டொலர். சுவரிலிருந்து ஒரு நெல்லு அளவுக்கு வெளியே தள்ளிக்கொண்டு சின்ன யன்னல்.

சிவபாலன் அதைத் தொடவில்லை, விரலை மட்டும் நீட்டினான். "உதுதான் மச்சான். உந்த யன்னல்தான்."

கடையின் சோதனை வட்டத்தில் வைத்து ஓட்டச் சொன்னேன். நேர்ப் பாதையில் போனது. முதல் வளைவில் சில்லு தண்டவாளத்தை விட்டிறங்கிச் சரிந்தது. திருப்பி வைத்தோம். அதே இடத்தில் திரும்பவும் சரிந்தது. கிழவர் தோளைக் குலுக்கினார்.

"உது சரிவராது" என்றேன்.

"யன்னல் இருக்கே மச்சான்."

"யன்னலை நீ வாயாலை சொல்லலாம். அவையின்ரை மேசையிலை வச்சு ஓட்டேக்கை கவிண்டு விழுந்தா என்ன சொல்லுவாய்? உன்ரை கதையும் உப்பிடித்தான் எண்டு நினைக்கமாட்டினமோ? என்ரை பெட்டி ஒருநாளும் விழாது."

கடைக்குள் நின்று வாய் கிழியப் பேசினேன். பத்து வருட அனுபவம் என்றேன். சிவபாலன் ஒரு நிமிடம் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஓம், உனக்குத்தானே உது தெரியும்" என்றான். கிழவர் பெட்டியை அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

ஞாயிறும் திங்களும் நான் சில்லுக்கு எண்ணெய் விட்டேன், தண்டவாளம் துடைத்தேன். திங்கள் பின்னேரம் ரயில் நாற்பது சுற்று விழாமல் ஓடியது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். சிவபாலன் யன்னலோரம் நின்று, மொழிபெயர்ப்பாளருக்குச் சொல்ல வேண்டியதைத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செவ்வாய், காலை ஏழு பத்து. கென்னடி வீதியில் 43ஆம் இலக்க பஸ், ஆளுக்கு இரண்டு டொலர். கென்னடி ஸ்ரேசனில் சுரங்க ரயில். ரொறன்ரோவின் சுரங்க ரயிலுக்குத் தண்டவாள அகலம் நாலடி பத்து அங்குலத்துக்குச் சற்று மேல், வேறு ஊர் ரயில் எதுவும் இதில் ஓடாது. இதைச் சிவபாலனுக்குச் சொன்னேன். அவன் ஓம் என்றான், காதில் விழுந்ததோ தெரியாது. மடியில் ரயில் பை. புளூர் சந்தியில் மாறி, தெற்கே போய் இறங்கி, எட்டு நாற்பதுக்குக் கட்டடத்தின் வாசலில் நின்றோம்.

விசாரணை ஒன்பதரைக்கு. சிறிய அறை. சிவபாலன் கேட்டதால் என்னை ஒரு மூலையில் இருக்கவிட்டார்கள். காலடியில் எட்டு வளைவுத் தண்டவாளமும் கொன்ட்ரோலரும். லோயர் கார்ட் பெட்டியை மேசையில் வைத்தார். ஓட்டிக் காட்டலாம் என்று நான் எழும்பினேன். அதிகாரியம்மா கையை உயர்த்தினார். ஓட்டத் தேவையில்லை என்றார்.

பெட்டியை எடுத்து ஒரு பக்கம் பார்த்தார். திருப்பி மற்றப் பக்கம் பார்த்தார். வெளியே தள்ளிய யன்னல் எங்கே என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

"இந்த மொடலிலை இல்லை அம்மா" என்றான் சிவபாலன். "எங்கடை பெட்டியிலை இருந்தது."

உங்கள் பெட்டி எப்படி இருந்தது என்று காட்டத்தானே இதைக் கொண்டுவந்தீர்கள் என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்பவர் போலக் கேட்டார்.

"ஓம். ஆனா இதிலை இல்லை."

சிவபாலன் திரும்பி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். ஏதாவது சொல்லேன் என்று கேட்கிற பார்வை. நான் வாயைத் திறந்தேன். லோயர் இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். இருந்துவிட்டேன். அந்த மொட்டைச் சுவர் என் கராஜில் பத்து வருடமாகச் சுற்றுகிறது. ஒருநாளும் அது எனக்குக் குறையாகத் தெரிந்ததில்லை.

அடுத்த வாரம் வியாழன், பகல் பன்னிரண்டு. கடிதம் வந்தது. குணம்தான் வாசித்தான். கோரிக்கை நிராகரிப்பு. இரண்டாம் பக்கத்தில் ஒரு பந்தி: தான் சொன்னதைக் காட்டுவதற்கென்று கோரிக்கையாளரே கொண்டுவந்த பெட்டியில் அப்படியொரு யன்னல் இல்லை, ஆகவே அவர் கண்டதாகச் சொல்வதை நம்ப முடியவில்லை.

குணம் கடிதத்தை மடித்து மேசையில் வைத்தான். ஒரு மணிக்குச் சிவபாலன் கொழும்புக்குப் போன் எடுத்தான். "இன்னும் ஒண்டும் வரேல்லை சாந்தி. வரும். பிள்ளையள் நித்திரையோ?" என்றான். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவன் குடும்பத்தின் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேன். வேறு எப்படி எழுத?

வெள்ளிக்கிழமை எனக்கு மாலை விமானம். காலையில் குணத்தைக் கூட்டிக்கொண்டு மில்லிக்கன் கடைக்கு ஓடினேன். பெட்டி அலுமாரியில் அப்படியே இருந்தது. 28 டொலர், வரியோடு 32.20. கடையிலிருந்தே லோயருக்குப் போன் எடுத்தேன். முடிந்த விசாரணைக்குள் இனி ஒன்றையும் வைக்க முடியாது, மேலே கேட்டுப் பார்க்கலாம், ஆனால் அங்கே சட்டப் பிழையைத்தான் பார்ப்பார்கள், பெட்டியைப் பார்க்கமாட்டார்கள் என்றார்.

ஆனாலும் கொண்டுபோய்ச் சிவபாலன் கையில் கொடுத்தேன். அவன் அதைக் கண்ணுக்கு நேரே பிடித்து, சின்ன யன்னலோடு சேர்த்துப் பக்கச் சுவரின் நீளத்துக்குப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"ஓம். இஞ்சை நிண்டுதான் பாத்தனான்."

"மச்சான், நான்…"

"விடு. நீ கடல் தாண்டி வந்தனி." பெட்டியை என்னிடமே நீட்டினான். "கொண்டு போ. இஞ்சை வச்சுப் பாத்துக்கொண்டிருக்க ஏலாது."

லண்டன் சுங்கத்தில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. என் வீட்டு வாசலில் பனி இல்லை, பூட்டிய கதவுக்குப் பின்னால் மனைவியும் மகனும் இருந்தார்கள். இங்கே வந்த காலத்தில் என்னை ஒருவரும் யன்னல் காட்டச் சொல்லவில்லை. கராஜில் வட்டப் பாதைக்குப் பக்கத்தில் மூன்றடி நேர்த் தண்டவாளம் போட்டு, அந்தப் பெட்டியை அதில் நிறுத்தினேன்.

இரண்டு கிழமை கழித்துச் சிவபாலன் போன் எடுத்தான். சாந்திக்குச் சொல்லிவிட்டானாம். மேல்விசாரணைக்குக் கேட்டிருக்கிறதாம். பிறகு கேட்டான்.

"அந்தப் பெட்டி இப்ப ஓடுதோ?"

"இல்லை மச்சான். நிக்குது."

"நிண்டாப் போதும்" என்றான். "விசாரணை அண்டைக்கும் அது நிண்டாப் போதுமாயிருந்தது."