மச்சான் முதுகுக்குப் போன கிருமி

என் அக்கா புருஷன் தரைக்கு டைல்ஸ் பதிப்பவர். நான் பூச்சு வேலைக்காரன். இருபது வருஷமாக ஒரே கட்டடங்களில் உழைக்கிறோம். மச்சான் முட்டி போட்டால் மத்தியானம்வரை நிமிர மாட்டார், மூத்திரம் வந்தாலும் அடக்கிக்கொள்வார்.

அந்த மூத்திரப்பையில்தான் புற்றுநோய் வந்தது. கட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு, வாரம் ஒரு தடவையாக ஆறு வாரம், குழாய் வழியாக உள்ளே மருந்து விட்டார்கள். மருந்து விட்ட அன்றைக்கெல்லாம் ஒவ்வொரு தடவை மூத்திரம் போய்வந்ததும் கக்கூஸில் ப்ளீச்சிங் ஊற்றச் சொல்லியிருந்தார்கள்.

"கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து இந்த மனுஷன் கக்கூஸ் கழுவி இப்பத்தான் பாக்குறேன்" என்று அக்கா சிரித்தாள்.

விஷயம் எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும். இடுப்புக்குக் கீழே பார்த்த வைத்தியம் அல்லவா, வெளியே சொல்ல அவருக்குக் கூச்சம்.

சில மாதங்களில் முதுகு வலி வந்தது.

"முதுகு வலிக்காத டைல்ஸ்காரன் எவன் மச்சான்? இந்தாங்க" என்று முதுகுவலிக்காக நான் இடுப்பில் கட்டியிருந்த பெல்ட்டை அவிழ்த்துக் கொடுத்தேன்.

வலி விடவில்லை. எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். "வேற எதுக்காவது வைத்தியம் பாத்தீங்களா?" என்று கேட்டார். மச்சான் என்னைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல சார். முட்டி போட்டு வேலை பாக்குறவரு, அதான்" என்றேன். அவர் மானத்தைக் காப்பாற்றுகிறேனாம்!

சாயங்காலமானால் காய்ச்சல் அடித்தது. ஆள் பாதியானார். ஒருநாள் வேலைத்தளத்தில் வலது செருப்பு கழன்று பின்னால் கிடக்க, அவர்பாட்டுக்கு நடந்துபோனார்.

"மச்சான், செருப்பு!"

குனிந்து காலைப் பார்த்தார். "கழண்டதே தெரியல மாப்ளே."

அப்போதே அவரை வண்டியில் ஏற்றினேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்பில் இரண்டு எலும்பு அரித்து, சீழ் கட்டி நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. பழைய சீட்டையெல்லாம் வாங்கிப் பார்த்த டாக்டரம்மா நிமிர்ந்தார்.

"மூத்திரப்பைல விட்ட மருந்தே உயிருள்ள கிருமிதான். காசநோய்த் தடுப்பூசில இருக்கே, அந்த வலு குறைஞ்ச கிருமி. உடம்பைத் தூண்டிவிட்டுப் புற்றுநோயை அழிக்க வைக்கும். ரொம்ப அபூர்வமா அது ரத்தத்துல கலந்து எலும்புல போய் உக்காந்துரும். முதுகு வலிச்சப்பவே இந்த வைத்தியம் பாத்ததைச் சொல்லியிருந்தா மாத்திரையிலயே சரியாயிருக்கலாம்."

மருந்தே கிருமியா!

அக்கா திரும்பினாள். "எலும்பு டாக்டர்கிட்ட நீதானேடா கூடப் போன?"

சீழை எடுக்க முதுகில் செய்த ஆபரேஷன் முடிந்த நாலாம் நாள், டாக்டரம்மா காலை அசைக்கச் சொன்னார். இடது கட்டைவிரல் அசைந்தது. மச்சானுக்குத் தலையைத் தூக்க முடியவில்லை.

"மாப்ளே, வலதும் அசைச்சுட்டுத்தான் இருக்கேன். பாத்துச் சொல்லு."

அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அசையல மச்சான்" என்றேன்.