ஒற்றைக் காதுக் கடுக்கன்

அந்த இரண்டு கடுக்கன்களும் இப்போது என்னிடம்தான் இருக்கின்றன. பரிசோதனைக்கூடத்துக்குக் கண்ணாடித் தகடுகள் வந்த சிறு மரப்பெட்டி ஒன்றில், பஞ்சுக்கு நடுவே வைத்திருக்கிறேன். இரண்டிலும் சிவப்புக் கல். ஒன்றின் கல்லில் மயிரிழை போல ஒரு விரிசல். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். விரலால் தடவினால் தெரியாது. விரிசல் விட்டதை என் அண்ணன் சில வருடங்கள் போட்டிருந்தான். மற்றதை யாரும் போட்டதில்லை.

அண்ணனுக்கு இடக்காது மட்டும்தான் குத்தியிருந்தது. கேட்பவர்களிடம் அம்மா, "சாமிக்கு நேந்துக்கிட்டதுங்க, ஒத்தக் காதுதான் குத்தோணும்னு" என்று சொல்லுவாள். நானும் அக்காவும் அதை நம்பியே வளர்ந்தோம். இடக்காதில் ஊசி இறங்கிய பிறகு பத்து நாள் ரத்தம் கசிந்ததும், வலக்காதைத் தொட ஆசாரி மறுத்துவிட்டதும் வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அண்ணன் பதின்மூன்று வயதில் இறந்தான். ஆடிய கடைவாய்ப் பல்லை ஒருவர் பிடுங்கினார், ரத்தம் நிற்கவில்லை. ஊரார் அவர் கைராசியைத்தான் குறை சொன்னார்கள்.

நான் எழுத நினைப்பது அக்காவைப் பற்றி. அவளை எருமப்பட்டிப் பக்கம் ஒரு நிலபுலமுள்ள பண்ணைய வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். முதலில் பெண் பிறந்தது. அதற்குக் காது குத்தியபோது ஒரு சொட்டுக்கு மேல் ரத்தம் வரவில்லை. ஐந்து வருடம் கழித்துப் பையன் பிறந்தான். யுத்த காலம் அது. நான் பட்டணத்தில் படிப்பை முடித்து, சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை வேலையில் சேர்ந்திருந்தேன். அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. பையன் தவழ்ந்தால் முழங்கால் நீலம் பாரித்து வீங்குகிறது. உதட்டில் சின்னக் காயம், இரண்டு நாள் ரத்தம். வருகிற மாதம் காதுகுத்து வைத்திருக்கிறார்கள். ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ.

எதையும் வரிசை போட்டுப் பார்ப்பது என் பழக்கம். கடிதத்தின் பின்பக்கத்திலேயே எழுதினேன். ரத்தம் நிற்காமல் இறந்தவர்கள்: அம்மாவின் தம்பி, எங்கள் அண்ணன். இப்போது அக்கா மகன். மூவரும் ஆண்கள். மூவருக்கும் வழி அம்மா வீட்டு வழி. நடுவில் நிற்கும் பெண்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். பட்டணத்தில் ஆசிரியை கரும்பலகையில் ஆணுக்குச் சதுரமும் பெண்ணுக்கு வட்டமுமாக வரைந்து காட்டியது இதே படம்தான். அன்று அதை நோட்டில் அழகாக வரைந்து மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன்.

பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரி எரித்து ஓடிய பஸ்ஸில் போனேன். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி அடுப்பைக் கிளறினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது காதுகுத்துக்கான சாமான்கள் கூடத்தில் பரப்பியிருந்தன. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமனான அண்ணன் உயிரோடு இல்லை. எங்கள் பெரியப்பா மகனை வரச் சொல்லியிருந்தார்கள். மாமன் சீராக அம்மா கொடுத்து அனுப்பியிருந்தது அண்ணனின் அந்தக் கடுக்கன்களை.

ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் பரிசோதனை எளிது. விரல் நுனியில் ஒரு துளி எடுத்து மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஏற்ற வேண்டும். அரை நிமிடத்துக்கு ஒரு முறை குழாயில் ஒரு துண்டை ஒடித்துப் பிரிக்க வேண்டும். ரத்தம் உறையத் தொடங்கினால் இரண்டு துண்டுக்கும் நடுவே சிவப்பாக ஒரு நூல் இழுபடும். முதலில் என் ரத்தம், நூல் வந்தது. பிறகு குழந்தையினுடையது. குழாய் முழுவதும் ஒடிந்து தீர்ந்தது. நூல் வரவில்லை. அவன் விரலைப் பஞ்சு வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

அக்கா தன் விரலை நீட்டினாள். "எனக்கும் பாரு அம்முணி." அவளுக்கு நூல் வந்தது. அவள் முகம் மலர்ந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. "பாத்தீங்களா அத்தை, எனக்கு நூலு வருதுங்க. என்னாலெ இல்லைங்க" என்று மாமியாரிடம் ஓடினாள்.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். குழந்தையின் காதில் ஊசி இறங்கக் கூடாது என்பது ஒன்றுதான் மனத்தில் இருந்தது. விளக்கிச் சொன்னால் நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். தட்டிலிருந்த கடுக்கன்களை எடுத்தேன். "ரத்தத்தை உறைய வைக்கிற பொருள் பெண்ணுக்கு இந்த மாதிரி ஜோடியா இருக்குதுங்க அத்தை. ஒண்ணு பழுதா இருந்தாலும் இன்னொண்ணு காப்பாத்திடும். அதுதான் அக்காவுக்கு நூல் வருது. ஆணுக்கு ஒண்ணே ஒண்ணு. அதை அம்மாகிட்டதான் வாங்கணும். எதைக் கொடுக்கிறோம்னு கொடுக்கிற அம்மாவுக்கே தெரியாது. இவனுக்குப் பழுதானது வந்துடுச்சு."

சொல்லும்போதே அக்காவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நான் கடுக்கனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமியார் நிதானமாகக் கேட்டாள். "அப்ப இது என்ற மகன்கிட்ட இருந்து வர்லீங்களா?"

"இல்லைங்க."

"உங்கூட்டு ரத்தம். எங்கூட்டுக்கு எதுக்கு? சரி, பொட்டப்புள்ளைக்கு ஒண்ணும் வராதுங்களா?"

"அவளுக்கு ரத்தம் போகாதுங்க. ஆனா..."

என் கணக்கில் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது. அந்தப் பெண்ணும் தன் அம்மாவைப் போலப் பழுதான ஒன்றை வைத்திருக்கலாம், வைத்திருக்காமலும் இருக்கலாம் என்பது. கதவோரம் அவள் நின்றிருந்தாள், இரண்டு காதிலும் தோடு மின்ன. நான் நிறுத்திக்கொண்டேன்.

காதுகுத்து நின்றது. அந்த வாரமே அக்காவையும் பையனையும் வண்டியேற்றி எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கடுக்கனும் கூடவே வந்தது. அடுத்த வைகாசியில் அக்காவின் கணவர் வேறு கல்யாணம் செய்துகொண்டார். பெண்ணை மட்டும் அவர்களே வைத்துக்கொண்டார்கள். அது பழுதில்லாத பிள்ளை அல்லவா. அம்மாவிடம் அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "ஒத்தக் காது சாமிக்கு நேந்ததுன்னு எதுக்கும்மா சொன்னே?" அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள்.

பையனை ஐந்து வருடம் காப்பாற்றினோம். வாசல்படிக்குச் சாக்கு சுற்றி, தரையெல்லாம் வைக்கோல் பரப்பி வளர்த்தாள் அக்கா. ஒருநாள் ஈரத்தில் வழுக்கி நாக்கைக் கடித்துக்கொண்டான். சேலத்துக்குக் கொண்டு வந்தார்கள். என் ரத்தம் பொருந்தியது, கொடுத்தேன். ஒரு பகல் முழுக்க ரத்தம் நின்றிருந்தது. "நின்னுபோச்சு அம்முணி, நின்னுபோச்சு" என்று அக்கா வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். எனக்குத் தெரியும், அவன் உடம்பில் என் ரத்தம் இருக்கிற வரைக்கும்தான். மறுநாள் மறுபடி தொடங்கியது. மேற்கொண்டு எடுக்க டாக்டர் சம்மதிக்கவில்லை. ஏழாம் நாள் அவன் போய்விட்டான்.

எனக்கு வந்த வரன்களை வேண்டாம் என்று சொல்லிவருகிறேன். காரணத்தை அம்மா கேட்பதில்லை.

போன வாரம் அக்கா சேலம் அஸ்தம்பட்டியிலுள்ள என் அறைக்கு வந்தாள். பெண் பெரியவளாகிவிட்டாளாம், மாமியாரின் மகள்வழிப் பேரனுக்கே பேசி முடித்திருக்கிறார்களாம். அக்காவுக்கு அழைப்பில்லை. அதைச் சொல்லிவிட்டுக் கேட்டாள். "நீ அன்னைக்கு 'ஆனா'ன்னு நிறுத்தினியே சாமி, அது என்னன்னு எனக்கு அப்பவே தெரியும். நான் போய்ச் சொல்லிப்போடட்டுமா? சொன்னா என்ற புள்ளையும் என்னையாட்டம் மூலையிலெ உக்காந்திருவா. சொல்லாட்டி..."

சோதித்துச் சொல்லவும் வழியில்லை. அந்தப் பெண்ணின் ரத்தத்திலும் நூல் வரும். அக்காவுக்கு வந்தது போல, எனக்கு வந்தது போல.

அக்கா மேசையிலிருந்த மரப்பெட்டியைத் திறந்தாள். கண்ணை மூடிக்கொண்டு பஞ்சிலிருந்து ஒரு கடுக்கனை எடுத்தாள். பெருவிரலால் கல்லைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"இது நல்லதுதானே அம்முணி?"

ஜன்னல் இரண்டடி தூரத்தில் இருந்தது. வெளியே நல்ல வெயில். வாங்கிச் சாய்த்துப் பிடித்திருந்தால், விரிசல் இருக்கிறதா என்று தெரிந்திருக்கும். நான் எழுந்திருக்கவில்லை.

"நல்லதுதான் அக்கா" என்றேன்.