கையை வெளியே எடுக்காமல்

ஜேர்மனியில், டோர்ட்மண்ட் நகருக்குப் போகும் வழியில் ஒரு பெற்றோல் நிலையத்தில் சைக்கிளை நிறுத்துகிறேன். மழையும் பனியும் கலந்து கொட்டுகிறது. விரல்கள் விறைத்து பிரேக்கை அழுத்த முடியவில்லை. முன்னால் நீண்ட இறக்கம் இருக்கிறது.

கம்பளிக் கையுறைக்கு மேல், கோப்பை கழுவும்போது போடும் ரப்பர் உறையை மாட்டியிருக்கிறேன். ரப்பரில் ஓட்டை இல்லை. ஆனாலும் உள்ளே கம்பளி நனைந்திருக்கிறது. எனக்கு விளங்கவில்லை.

உள்ளே போய்க் கழற்றுகிறேன். கல்லாவில் நிற்கும் தமிழ்ப் பெண் கம்பளியை வாங்கிப் பிழிந்து பார்த்துச் சிரிக்கிறார்.

"அண்ணை, இது மழையில்லை. உங்கட வேர்வை."

"இந்தக் குளிரிலயோ?"

"ஓம். ரப்பருக்குள்ள காத்துப் போக ஏலாதெல்லோ."

என் பையிலிருந்த காய்ந்த காலுறைகளைக் கைகளில் போடச் சொல்கிறார். வெளியே வந்து சைக்கிள் ஹாண்டிலின் இரு பிடிகளிலும் தடித்த பிளாஸ்டிக் பைகளைக் கட்டிவிடுகிறார்.

"கையை இதுக்குள்ள விடுங்கோ. திரும்பேக்க மட்டும் வெளிய எடுத்து எந்தப் பக்கமெண்டு காட்டுங்கோ. இல்லாட்டி டொச்சுக்காரன் ஏசுவான்."

இறக்கத்தில் பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. கைகள் இதமாக இருக்கின்றன. கீழே சந்தியில், டோர்ட்மண்டுக்கு இடப்பக்கம் திரும்பவேண்டும் என்கிறது பலகை. பின்னால் கார்கள் வருகின்றன. கையை எடுப்பதா விடுவதா என்று தெரியவில்லை.

நேரே போகிறேன்.