ஐம்பத்தொன்பது சிவப்பு விளக்குகள்

இறந்துபோன சட்டமன்ற உறுப்பினரின் இடத்துக்குக் கட்சி மூன்று பெயர்களை அனுப்ப வேண்டும். ஆசைப்பட்டவர்களோ இரண்டே பேர். மூன்றாவது வரி காலியாகக் கிடக்கக் கூடாதே என்று, ஆம்புலன்ஸ் ஓட்டும் வெர்னா டோலெஃப்சனின் பெயரை எழுதிவைத்தார்கள். தேர்ந்தெடுக்க வேண்டிய மாவட்ட ஆணையர்கள் முதல் இருவருக்காகவும் மாலைவரை மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் அவளையே நியமித்தார்கள். செய்தி வந்தபோது வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடக்கூடத் தோன்றவில்லை.

பத்தாம் நாள் அவளுடைய முதல் மசோதா சபைக்கு வந்தது. பயிற்சி பெற்ற இருவர் இல்லாமல் ஆம்புலன்ஸ் கிளம்பக் கூடாது என்பது சட்டம். ஆள் கிடைக்காத இடங்களில் ஒருவர் போதும் என்று அதைத் தளர்த்தக் கேட்டாள். தோற்றால் ஜூனில், போதிய ஆளில்லாமல், அவள் ஊரின் ஒரே வண்டியும் நின்றுவிடும்.

பேசி முடித்து நிமிர்ந்தாள். ஓட்டுகளைக் காட்டும் சுவர்ப் பலகையில், வேண்டாம் என்று ஐம்பத்தொன்பது சிவப்பு விளக்குகள். ஒரே பச்சை, அவளுடையது. 

சபை கொல்லென்று சிரித்தது.

"பயந்துட்டியாம்மா?" பக்கத்து நாற்காலி லாயிட் ஆமுண்ட்ருட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "புதுசா வர்றவங்களோட முதல் மசோதாவுக்கு இப்படித்தான் விளையாடுவோம். எனக்குப் பண்ணின அன்னிக்கு பேன்ட்டுலயே போயிருக்கும். இரு, மாத்துவாங்க."

மாற்றினார்கள். பச்சை ஏறி ஏறி இருபத்தெட்டில் நின்றது. வேண்டியது முப்பத்தொன்று. லாயிடின் விளக்கும் சிவப்பாகவே எரிந்தது.

"நீங்களுமா?"

"எங்க ஊரு ஆஸ்பத்திரிக்காரங்க வேணாங்கறாங்க. என்ன செய்யச் சொல்ற?"

"சிரிக்கறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம்ல?"

அவர் மேசையைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "சட்டுனு சிவப்புக்கு மாறு. ஜெயிச்ச பக்கம் ஓட்டுப் போட்டவங்கதான் நாளைக்கு இத மறுபடி எடுக்கச் சொல்லிக் கேக்க முடியும்."

"என் மசோதாவுக்கு நானேவா?"

"சபாநாயகர் சுத்தியலத் தூக்கிட்டாரு பாரு, தட்டினா ஓட்டு முடிஞ்சுது. அழுத்தும்மா!"

அழுத்தினாள். அவள் விளக்கும் சிவப்பானது.

அன்று மாலைவரை ஒவ்வொரு சிவப்பு நாற்காலிக்கும் போய் ஒன்றே கேட்டாள்: "உங்கம்மா வீட்டுக்கு வண்டி எத்தன நிமிஷத்துல வரும்?"

மறுநாள் அவளே எழுந்து கேட்க, மசோதா திரும்ப வந்தது. முப்பத்தொரு பச்சை. லாயிட் கடைசிவரை மாறவில்லை.

எஞ்சிய எட்டு மாதமும் உறுப்பினராக இருந்தாள். தேர்தலில் நிற்கவில்லை. மசோதா ஜெயித்த வாரத்தில் உள்ளூர்ப் பத்திரிகையோ முதல் நாள் ஓட்டை மட்டும் போட்டுவிட்டிருந்தது. அந்தச் சனிக்கிழமை அவள் ஆம்புலன்ஸ் கொட்டகைக்குள் நுழைந்ததும், கூட ஓட்டும் பெர்னெல் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"நம்ம வண்டிக்கே சிவப்பு அழுத்தினியாமே, அடிப்பாவி!"

விளக்கிச் சொல்ல மூன்று கோப்பை காபி ஆயிற்று. அப்போதும் பெர்னெல் பாதிதான் நம்பினாள்.